இடப்பக்க மாடுகள்

இண்டூரில் பானுமதி தன் கம்பெனியின் சர்வரை நிறுத்திய தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் மூன்றரை மணிக்கு, அதில் விற்காமல் கிடந்த இருநூற்றுப் பதினேழு மாடுகளும் அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றன. அன்று தக்காளி கிலோ பதினொரு ரூபாய். மாடுகள் படத்தில் இருந்தபடியே இருந்தன, அதாவது இடப்பக்கம் மட்டும். பக்கவாட்டில் பார்த்தால் கொம்பு, திமில், மடி, வால் எல்லாம் சரியாக இருக்கும் முழு மாடு. நேர் முன்னால் நின்று பார்த்தால் ஒரு கோடு. அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தவர்களுக்கு எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. அவை சாணி போடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, கத்தவில்லை. ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் மருதாணி நகத்தோடு ஒரு கட்டைவிரல் மங்கலாக மிதந்துகொண்டிருந்தது. ஊர் மூன்று நாள் வேடிக்கை பார்த்தது. நான்காம் நாள் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து, பொதுவழியை மாடு கட்டி அடைக்கக் கூடாது என்றார். பானுமதியின் அம்மா தீர்த்தம்மாள் எல்லா மாடுகளையும் திருப்பி வரிசையாக அடுக்கி, இருநூற்றுப் பதினேழும் ஒரு முழத்துக்குள் அடங்குவதைக் காட்டினாள். வந்தவர் அளந்து பார்த்துவிட்டு, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பெனியின் பெயர் கொட்டில், போனில் மாடு விற்கும் செயலி. பானுமதி பெங்களூரில் ஆறு வருடம் பிறர் கம்பெனிகளை வளர்த்துவிட்டு, தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஊருக்கு வந்தவள். வந்த புதிதில் மாட்டுச் சந்தைக்குப் போனாள். அங்கே விற்பவரும் தரகரும் கைகளை ஒரு துண்டுக்குள் விட்டு, விரல்களைப் பிடித்தும் அமுக்கியும் விலை பேசுவார்கள். வாயால் யாரும் தொகை சொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட என்ன முடிந்தது என்று தெரியாது. இதைப் பார்த்த பானுமதிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மற்றவர்கள் சண்டை போடுவார்கள், படித்தவர்கள் ஸ்லைடு போடுவார்கள். அவள் பன்னிரண்டு ஸ்லைடு போட்டாள். எல்லா மாட்டின் படமும் விலையும் எல்லார் போனிலும் தெரியவேண்டும் என்பது அதன் சாரம். சென்னையில் ஒரு போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. ஆறடி நீளத்தில் ஒரு அட்டைக் காசோலை கொடுத்துப் படம் எடுத்தார்கள். கம்பெனியின் மதிப்பு நான்கு கோடி என்றும் சொன்னார்கள். வீட்டில் ஒரு கன்றுக்குட்டிகூட இல்லையே, எதற்கு நான்கு கோடி என்று தீர்த்தம்மாள் கேட்டாள். அதற்கும் ஒரு ஸ்லைடு இருந்தது.

மாடுகளைப் படம் எடுத்தவள் அலீனா. பானுமதியோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கொட்டிலில் மொத்தம் இரண்டே பேர். ஒருத்தி தலைமைச் செயல் அதிகாரி, இன்னொருத்தி மற்ற எல்லாம். எட்டு மாதம் அலீனா ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போனாள். போனை எப்படிப் பிடித்தாலும் அவள் கட்டைவிரல் மூலையில் விழுந்துவிடும். முகவரியும் பெயரும் அவள் தலையில் இருந்தன. செயலியில் இருந்தது நான்கு இலக்க எண் மட்டும், ஏனென்றால் பானுமதி அதைத்தான் தொழில்முறை என்று நினைத்தாள். விலை போனில் தெரிந்ததும் நடந்தது வேறு. மாட்டுக்காரரின் மச்சான், இவ்வளவு விலைக்கு மாடு வைத்திருப்பவர் கைமாற்றுத் தரலாமே என்று அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். கோயில் வரி கேட்பவர்கள் வந்தார்கள். மறுவாரமே படத்தை எடுத்துவிடச் சொல்லி நாற்பது பேர் கூப்பிட்டார்கள். எட்டு மாதத்தில் மூன்று மாடு விற்றது. அதில் இரண்டை வாங்கியவர் பானுமதியின் தாய்மாமன், குடும்ப மானத்துக்காக.

மூடுவது என்று முடிவான அன்று பானுமதி அலீனாவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். நான்கு பத்தி, நல்ல ஆங்கிலம், கீழே 'கொட்டில் குழு' என்று கையெழுத்து. அலீனாவின் மேசை மூன்றடி தூரத்தில் இருந்தது. அவள் போனில் படித்துமுடித்து, சார்ஜரைச் சுருட்டி மேசைமேல் வைத்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லா இருங்க மேடம்," என்றாள். பத்து வருடமாக 'வாடி போடி' என்று கூப்பிட்டவள் அவள்.

கம்பெனி போனதைப் பற்றிப் பானுமதியால் பேச முடிந்தது. சொல்லப்போனால் அதைப் பேச ஒரு கூட்டமே காத்திருந்தது. தோல்வி எனக்குக் கற்றுத் தந்த ஏழு பாடங்கள் என்று அவள் இணையத்தில் எழுதியதை ஆயிரத்து நானூறு பேர் கைதட்டிப் பாராட்டினார்கள். அவர்களில் ஒருவரும் ஒரு மாட்டைக்கூட ஓட்டிப்போக முன்வரவில்லை. சென்னைத் தொழில் வழிகாட்டி ஒருவர், சீக்கிரம் தோற்றவள் சீக்கிரம் ஜெயிப்பாள் என்று வீடியோவில் சொன்னார். அவர் பின்னால் கடல் தெரிந்தது. இன்னொருவர் மலைப்பக்கம் போய் ஓய்வெடுக்கச் சொன்னார், விடுதியின் பெயரையும் தள்ளுபடி எண்ணையும் அவரே அனுப்பினார். அலீனாவைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை, பானுமதியும் சொல்லவில்லை. ஏழு பாடங்களில் அது இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த 'மேடம்' சோற்றுக்குள் கல்லாகக் கடிபட்டது.

பங்குனியில் ஓசூரில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். பானுமதி போனாள், மாடுகளும் பின்னாலேயே நடந்து போயின. வாயில் காவலர் நல்ல மனிதர், இருநூற்றுப் பதினேழு பார்வையாளர் சீட்டு எழுத ஆரம்பித்து அறுபதில் பேனா தீர்ந்துபோய் நிறுத்தினார். உள்ளே, கடந்த ஒன்றரை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று மாடுகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கூப்பிடுகிறோம் என்றார்கள். அதன் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே போவதை நிறுத்தினாள். ஒரு தடவை தேநீர்க் கடைவரை போனபோது, தரகர் கிருஷ்ணப்பன் கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டே, "ஏம்மா பானு, ரைட் சைடு இன்னும் டவுன்லோடு ஆவலைங்களா?" என்றார். கடை சிரித்தது. பிறகு அலீனாவைக் குறித்து, "அந்தப் பாய் வூட்டுப் பொண்ணாச்சும் மாட்டுக்குப் பேர் கேட்டு எழுதிக்கும். நீ நம்பர் குடுத்தே," என்று அவர் சேர்த்துச் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தீர்த்தம்மாள் இதற்கெல்லாம் கலங்கவில்லை. மாடுகளின் முதுகில் துணி காயப்போட்டாள். பெரிய சிந்துமாடு ஒன்றைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி மேற்கு வெயிலை மறைத்தாள். ஆடி மாதம்தான் சிரமமாகிவிட்டது. காற்றுக்கு மாடுகள் எழும்பின. பதினாறு மாடுகள் புளியமரத்தில் சிக்கின, ஒன்று மின்கம்பியில் மாட்டி ஊருக்கே அரைநாள் கரண்ட் இல்லை. லைன்மேன் இறக்கிக் கொடுத்துவிட்டு, இனிமேல் ஆடிக்கு முன்னால் மாட்டின் மேல் கல் வைக்கச் சொன்னார்.

ஆவணியில், கல் எடுத்து அடுக்கும்போது, ஒரு மாட்டைத் தீர்த்தம்மாள் அடையாளம் கண்டுகொண்டாள். காதில் கிழிசல், நெற்றியில் சுட்டி. அடுத்த தெரு லூர்துமேரியின் மாடு. கயிறு போட்டு இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பானுமதியைத் திட்டி எழுப்பி முன்னால் நடக்கவிட்டதும் பின்னாலேயே வந்தது. லூர்துமேரியின் கொட்டகையில் அசல் மாடு இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தை மாதத்திலிருந்து அப்படித்தானாம். அந்தப் பக்கம் கைவிட்டுத் தடவினால் சுண்ணாம்பு அடிக்காத சுவர் போல வெறுமையாக இருந்தது. இடப்பக்கம் முழுவதும் பானுமதி வீட்டு வாசலில் அல்லவா இருந்தது. லூர்துமேரி இதை யாரிடமும் சொல்லவில்லை. பாவம், அந்தப் பெண்ணே நொந்து கிடக்கிறாள், போய் மாட்டைக் கேட்டால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாள்.

பானுமதி தொண்டையைச் செருமினாள். சந்தைச் சூழல், முதலீட்டுப் பற்றாக்குறை, பயனர் நடத்தை என்று ஆரம்பித்தாள். தட்டை மாடு அசையாமல் நின்றது. லூர்துமேரி மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பதினொரு நிமிடம் ஆனபின் பானுமதிக்கு ஆங்கிலம் தீர்ந்துபோயிற்று.

"கம்பெனி போச்சுங்க்கா. உங்க மாட்டை நான் விக்கலை. சொல்லவும் இல்லை."

உடனே தட்டை மாடு நகர்ந்து, ஈரத்துணி சுவரில் ஒட்டுவதுபோல அசல் மாட்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. கட்டைவிரல் மறைந்தது. மாடு சுவரை விட்டு விலகி நின்று, எட்டு மாதத்துக்குப் பிறகு இடக்காதை ஆட்டியது.

"நான் எங்கடி விக்கச் சொன்னேன்?" என்றாள் லூர்துமேரி. "அந்தப் பொண்ணு உச்சி வெயில்ல வந்து மாட்டைப் போட்டோ எடுக்கட்டுமான்னு கேட்டுச்சு. அவ்ளோ தூரம் வந்த புள்ளய சும்மா அனுப்பறதா? மோர் குடுத்தேன், போட்டோ குடுத்தேன். வெலை என்னான்னு கேட்டுச்சு. கேட்டதுக்கு வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

ஆக, விற்பனைக்கு இருந்த இருநூற்றுப் பதினேழு மாடுகளில் ஒன்றுகூட விற்பனைக்கு இல்லை. பானுமதி தன் ஸ்லைடில் சந்தையின் அபார வரவேற்பு என்று எழுதியது, வெயிலில் வந்த பெண்ணுக்கு ஊர்க்காரர்கள் காட்டிய மரியாதையைத்தான். மீதி இருநூற்றுப் பதினாறு பேர் யார் என்று தெரிந்தவள் ஒருத்திதான்.

அலீனா அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரம், அவள் அம்மா ரோஷன் பீயின் செல்போன் கவர் கடையில் இருந்தாள். பானுமதி போய் நின்றபோது ஒரு லாரி டிரைவரின் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். மாடுகள் சாலையோரம் வரிசையாக நின்று லாரிக் காற்றுக்குப் படபடத்தன.

"வாங்க மேடம். டெம்பர் கிளாஸா, கவரா?"

"மாட்டுக்காரங்க யார் யாருன்னு தெரியணும் அலீனா."

"மெயில் போடுங்க. டீம்ல பேசிட்டுச் சொல்றோம்."

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பானுமதி அவர் எதிரிலேயே சொன்னாள். "உன்னை வேலையவிட்டு அனுப்புனது நான்தான். டீம்னு எவனும் இல்ல. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல பயமா இருந்துச்சு."

லூர்துமேரி வீட்டில் நடந்தது போல ஏதாவது நடக்கும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அலீனா மாடில்லை. அவள் ஒரு குமிழிகூட வராமல் கண்ணாடியை ஒட்டி முடித்து, துணியால் துடைத்து டிரைவரிடம் கொடுத்தாள். உள்ளிருந்து ரோஷன் பீ, பானுவுக்கு டீ போடட்டுமா என்று கேட்டாள்.

"போடு அம்மி," என்றாள் அலீனா. பிறகு பானுமதியிடம், "டீ குடுத்ததால சேந்துட்டோம்னு ஸ்லைடு போட்டுறாதீங்க. நாளைக்கு ஏழு மணிக்கு வர்றேன். மாட்டுக்காக," என்றாள்.

ஆவணியிலிருந்து மாசி வரை அந்த வேலை நடந்தது. ஒரு நடைக்கு ஒரு மாடு, மற்றவை பின்தொடராமல் கல் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். பானுமதி ஸ்கூட்டி ஓட்டுவாள், அலீனா பின்னால் உட்காருவாள், மாடு இருவருக்கும் நடுவில் பலகைபோல நிற்கும். முகம் பார்க்க வேண்டிய அவசியமில்லாததால் இது இருவருக்கும் வசதியாக இருந்தது. வழி சொல்வதைத் தவிர அலீனா பேசவில்லை. லெப்டு மேடம், ஸ்பீட் பிரேக்கர் மேடம். வீடு வந்ததும் வாசலிலேயே நின்றுகொள்வாள். நீயும் கம்பெனிதானேம்மா என்று கேட்டால், அங்கே வேலை செய்தேன், அவ்வளவுதான் என்பாள். பானுமதி உள்ளே போய்ச் சொல்வாள். முதல் வாரம் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ஐம்பதாவது மாட்டில் விளக்கம் ஐந்து வரியானது, நூறாவது மாட்டில் நான்கு சொல்லானது. "கம்பெனி போச்சுங்க. இந்தாங்க மாடு." அதற்குமேல் சொல்ல எதுவும் இருக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம். சிலர் திட்டினார்கள். பலர் உட்காரவைத்துக் களி போட்டார்கள். பாலக்கோடு பக்கம் ஒருவர், வந்ததுதான் வந்தீர்கள், பாவம், வலப்பக்கமும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். மாடுகள் குறையக் குறைய பானுமதிக்குத் தூக்கம் வந்தது. தீர்த்தம்மாளுக்குத் துணி காயப்போட இடமில்லாமல் போனது, கொடிக்கயிறு வாங்கினாள்.

கடைசி மாடு சித்தேரி மலையில் செல்லியுடையது. ஸ்கூட்டி ஏறாது என்று அரூரிலிருந்து பஸ்ஸில் போனார்கள். மாட்டை இருக்கைக்கும் இருக்கைக்கும் நடுவே நிறுத்திக்கொண்டார்கள். கண்டக்டர், வளைவில் யார்மேலும் சாயாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். செல்லிக்கு நாற்பது வயதிருக்கும். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள், மாட்டைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அருகே போய்க் கழுத்தைத் தடவினாள். கொட்டகையில் மூன்று மாதக் கன்று ஒன்று மட்டும் கட்டியிருந்தது.

"கார்த்திகையில பாம்பு தொட்டுருச்சு," என்றாள். "கண்ணு போட்டு இருபது நாள்தான். கறந்துட்டு இருந்த மாடு."

பானுமதிக்கு நான்கு சொல்லும் வரவில்லை. திருப்பிக் கொடுக்க மாடு இருந்தது, அது போய்ச் சேர உடம்பு இல்லை. பக்கவாட்டில் ஒரு மாடு, முன்னால் ஒரு கோடு, அவ்வளவுதான் இனி. செல்லி நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள்.

"தையிலேருந்து ஒரு பக்கம் வெறிச்சுனு இருந்துச்சு. அப்பவே கொண்டாந்து குடுத்திருந்தா, அது முழுசாவாவது போயிருக்கும். யாரு அந்தக் கம்பெனிய மூடுனது?"

வாசலில் நின்றிருந்த அலீனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பானுமதியின் பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டு பேருந்தாங்க்கா மூடுனோம்," என்றாள். "சொல்ல வராம இருந்ததும் ரெண்டு பேருந்தான்."

இது உண்மை இல்லை. ஆனால் இருநூற்றுப் பதினாறு வீட்டில் சொன்ன உண்மைகளைவிட இது நன்றாக வேலை செய்தது. பானுமதி அழுதாள். செல்லி, வந்தவர்கள் அழுதால் வீட்டுக்காரர்தான் சமாதானம் சொல்லவேண்டும், இது என்ன கொடுமை என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாட்டைத் திருப்பி எடுத்துப் போகட்டுமா என்று அலீனா கேட்டதற்கு அவள் கோபித்துக்கொண்டாள்.

"எங்க மாட்டை நீங்க எங்க எடுத்துட்டுப் போறது?"

"பால் குடுக்காதுக்கா. கத்தக்கூடக் கத்தாது."

"கத்தாத மாட்டுக்கு எத்தனை பேர் ஏங்கறாங்க, போ புள்ள."

கொட்டகைக்கு நடத்திப் போய்க் கன்றுக்குப் பக்கத்தில் கட்டினாள். கன்று மோந்து பார்த்தது. சுற்றி மறுபக்கம் போய், எதுவும் இல்லாததைக் கண்டு, திரும்பி வந்து இடப்பக்கத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டது. கம்பெனிகளுக்கு மதிப்புப் போடுபவர்கள் அதைப் பார்க்க அங்கே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் நடுவில் மாடு இல்லை. அலீனா, "தள்ளி உக்காரு பானு, ஜன்னல் எனக்கு," என்றாள். அரூர் வரும்வரை அவளே பேசினாள். ஒரு வருடத்துக்கும் மேலான பேச்சு அது. பெரும்பாலும் திட்டு.

மலையில் இறங்கும்போது செல்லி இரண்டு மூட்டைச் சாமையை அவர்கள் தலையில் கட்டியிருந்தாள். போட்டோவை அவ்வளவு சுலபமாகக் கீழே கொண்டுபோனவர்கள் இதையும் கொண்டுபோய்ச் சந்தையில் போடட்டும் என்றாள். மறுவாரம் நான்கு மூட்டை. அடுத்த மாதம் பக்கத்து வீடுகளின் புளியும் சேர்ந்தது. எட்டு மாதம் ஊர் ஊராகச் சுற்றியும் கொட்டில் கண்டுபிடிக்காதது, மலைக்காரர்களுக்கு விலை தெரியாமல் இல்லை, வண்டிதான் இல்லை என்பது. அலீனா கடையை அம்மியிடமே விட்டாள். இருவரும் பழைய குட்டி லாரி ஒன்றை வாங்கினார்கள். பானுமதி லாரி ஓட்டும் உரிமம் எடுத்தாள். செயலி கிடையாது, போன் எண்ணைச் சுவரில் பெயிண்டில் எழுதினார்கள். யாரும் அதைத் தொழில்முனைவு என்று அழைக்கவில்லை, அதனால் அது ஓடியது. சென்னை வழிகாட்டி கேள்விப்பட்டு, இந்த மீட்சியைப் பற்றி மேடையில் பேச வரமுடியுமா என்று கேட்டார். அன்று புளி லோடு இருந்தது.

இது நடந்து வருடமாகிறது. கன்று கிடாரியாக வளர்ந்துவிட்டது, இன்னும் அங்கேதான் படுக்கிறது. செல்லி காலையில் இரண்டுக்கும் வைக்கோல் போடுகிறாள், ஒன்று தின்கிறது. சமீபத்தில் கால்நடைக் கணக்கெடுக்க வந்தவர் கொட்டகையின் முன்னால் நின்றார், பக்கவாட்டில் நகர்ந்தார், மறுபடி முன்னால் வந்தார். அரை என்று பதிய அவர் போனில் இடமில்லை. ஒரு மாடு, ஒரு கிடாரி என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.